சான்சினும் போதிதர்மரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் கராத்தே காஞ்சிபுரத்தில் பிறந்த கலை என்று முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். போதிதர்மர் இங்கிருந்து சீனா போனார், ஷாவோலின் மடத்தில் சண்டை கற்றுக்கொடுத்தார், அதுதான் கராத்தே ஆனது என்கிற கதை. குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான். நாகர்கோவிலில் பி.டி. டீச்சராக இருந்த காலத்தில் இருபது வருஷம் ஆண்டு விழா மேடையில் இதையே மைக்கில் முழங்கியவள் நான். கைதட்டலும் நன்றாக விழும்.

2018 பிப்ரவரியில் ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவின் நாஹா நகருக்குப் போனேன். நான் பழகுவது கோஜு ரியூ என்ற கராத்தே பாணி. அது பிறந்த ஊர் அது. ஐந்து வாரம், பி.எஃப். பணத்தில். (வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.) பன்னிரண்டு கட்டாவையும் (வரிசை மாறாமல் செய்யும் அடவுகள்) மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவளை, தரையைத் துணியால் துடைக்கச் சொன்னார்கள். அப்புறம் சான்சின், அந்தக் கட்டாக்களில் ஒன்று. மறுநாளும் சான்சின். மூன்றடி முன்னே, பிறகு பின்னே, அவ்வளவுதான். கால்விரல் தரையைக் கவ்வ வேண்டும், மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அங்கிருந்த பெரியவர் பின்னால் வந்து இரண்டு தோளிலும் ஓங்கி அறைவார், தொடையைத் தட்டுவார். எங்கே இளகியிருக்கிறது என்று பார்க்கத்தான். எனக்கு இடது தொடை. முப்பது வருஷமாக யாரும் சொல்லாத குறை.

மூன்றாவது வாரம் கொஞ்சம் தைரியம் வந்து, ஆங்கிலம் தெரிந்த ஒரு பையனை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் போதிதர்மர் கதையைச் சொன்னேன். காஞ்சி எங்கள் பக்கத்து ஊர் என்றுகூடச் சொல்லிவிட்டேன், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருப்பதை மறைத்து. பொறுமையாகக் கேட்டார். "ஸோ தெஸு கா" என்றார், அப்படியா என்று அர்த்தம். சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களைக் காட்டி, "எனக்கு இவர்கள் வரைக்கும்தான் தெரியும்" என்றார். பிறகு தரையைக் காட்டினார். மறுபடியும் சான்சின்.

ஒரு படத்தில் இருந்தவர் ஹிகாஓன்னா கன்ரியோ. சீனாவின் ஃபுஜோ நகரில் கற்றுவந்து நாஹாவில் சொல்லிக்கொடுத்தவர், 1915இல் இறந்தார். இன்னொருவர் அவருடைய மாணவர் மியாகி சோஜுன், கோஜு ரியூவை உருவாக்கியவர். பெயர் வந்த விதமே வேடிக்கை. 1930வாக்கில் மியாகியின் சீடர் ஷின்ஸாட்டோ டோக்கியோவில் செய்து காட்டப் போயிருந்தபோது, உங்கள் பாணிக்குப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பெயரே கிடையாது. திரும்பி வந்து சொன்னதும், ஒகினாவாவில் கைமாறி வந்த ஒரு பழைய சீனச் சுவடியிலிருந்து வன்மை (கோ), மென்மை (ஜு) என்ற இரண்டு சொற்களை மியாகி எடுத்துக்கொண்டார். கடைசிக் கட்டாவான சுபாரின்பெய் என்பது சீன எண்தான், 108. அங்கே யாரும் இதை மறைப்பதில்லை. பயிற்சிக் கூடத்தில் ஒரு பெரிய இரும்பு வளையம் கிடந்தது. 1934இல் ஹவாய் போன மியாகி மல்யுத்தக்காரர்களிடம் பார்த்துக் கொண்டுவந்த பழக்கம் என்று அதையும் சொன்னார்கள்.

போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டினது. ஒரு கோயிலின் அழகைப் பார்த்து வியந்து நின்றார் என்கிறதே தவிர, சண்டை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் எழுதியதாகச் சொல்லும் உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. ஜப்பானியர்களும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள், ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி உட்பட. அதனால் உங்கள் கட்டுரையாளரை மட்டும் பிடித்து உலுக்க முடியாது.

இன்னொன்று. 'ஆயிரம் ஆண்டு ஜப்பானியக் கலை' என்று தலைப்புக்குக் கீழே போட்டிருந்தீர்கள். முன்பு கராத்தே என்ற பெயரை 'சீனக் கை' என்ற பொருள் தரும் எழுத்துகளால்தான் எழுதினார்கள். 'வெறுங்கை' என்று எழுதுவோம் என்று மூத்தவர்கள் கூடி முடிவெடுத்தது 1936 அக்டோபர் 25 அன்று, நாஹாவில். அந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார் தெரியுமா? ரியூகியூ ஷிம்போ என்ற பத்திரிகை. உங்களைப் போல ஒரு நாளிதழ்!

என் தாத்தா வர்ம ஆசான். எங்கள் பக்கத்துச் சண்டைக் கலையான அடிமுறையில் ஒரு சுவடு தப்பினால் பிரம்பு பேசும். அந்தக் கலையைப் பற்றி உங்கள் இணைப்பில் அரைப் பக்கம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இன்னும் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் விளவங்கோடு பக்கம் இருக்கிறார்கள், பேருந்து ஏறினால் போய்விடலாம்.

திருத்தம் போட இடமில்லை என்றால், கட்டுரை எழுதியவரை ஒரு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். நாஹாவில் ஜாடியின் வாயை விரல்நுனியால் பற்றித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். நான் இரண்டு ஊறுகாய்ப் பரணியில் மணல் நிரப்பி வைத்திருக்கிறேன். நாலு சுற்று நடக்கட்டும். காபி என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நாகர்கோவில்