கிளிப் போட்ட பல் ஆடினால்

ஐயா,

கிளிப் போட்ட பிறகு வேர் கரைந்து பல் ஆடினால் சிலர் நேரே காவல் நிலையம் போகிறார்கள். பெரும்பாலும் வீண் அலைச்சல்தான். மருத்துவ அலட்சியம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பின், மிகக் கடுமையான அலட்சியம் இல்லாமல் குற்ற வழக்கு நிற்காது. முதலில் சிகிச்சைக்கு முந்தைய, பிந்தைய ஓபிஜி எக்ஸ்ரே (தாடை முழுவதையும் காட்டும் படம்), பல் அச்சு, ஒப்புதல் படிவம், ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். வேர் சற்றுக் கரைவது நல்ல சிகிச்சையிலும் நடக்கும். இடையில் எக்ஸ்ரே எடுத்துக் கவனிக்காமல் கம்பியை முறுக்கிக்கொண்டே போனதைத்தான் அலட்சியம் என்று வாதாட முடியும். அதை எழுதித்தர இன்னொரு பல்சீரமைப்பு நிபுணர் முன்வர வேண்டும். கடினமான இடம் அதுவே.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அங்கே இழப்பீடு கிடைக்காது.

— நுகர்வோர் வழக்கறிஞர், மதுரை