டெலோரியன் கட்டும் குமரனுக்கு

அன்புள்ள குமரா,

நீ அனுப்பிய லெகோ மாதிரியின் வரைவுக் கோப்பைக் கணினியில் திறந்து நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தேன். 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் காலப்பயணம் செய்யும் டெலோரியன் காரை மூக்கிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். ஆப்பு மாதிரி இறங்கும் அந்த முன்பக்கம்தான் எல்லாரையும் இழுக்கிறது. ஆனால் இந்த வண்டியின் அளவைத் தீர்மானிப்பது டயர், உறுதியைத் தீர்மானிப்பது கூரை. அவை இரண்டையும் முதலில் முடித்துவிடு. மூக்கு கடைசியில் வரட்டும்.

அசல் காரான டி.எம்.சி.-12-க்கு முன் டயர் 195/60 ஆர்14, பின் டயர் 235/60 ஆர்15. கணக்குப் போட்டால் முன்னது சுமார் 590 மி.மீ. விட்டம், பின்னது சுமார் 663. இவற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் 49, 55. லெகோவில் 49.5 மி.மீ., 56 மி.மீ. டயர்கள் இருக்கின்றன. அதனால் 1:12 என்பதில் தயங்க வேண்டாம். மற்ற அளவுகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளம் 44 ஸ்டட் (பாகத்தின் மேலுள்ள குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ.) ஆகிறது. 2.41 மீட்டர் அச்சு இடைவெளி 25 ஸ்டட். 1.14 மீட்டர் உயரம் தரையிலிருந்து பத்து பிரிக்குக்கு (ஒரு கட்டி 9.6 மி.மீ. உயரம்) சரி.

அகலம்தான் வம்பு. பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டால் ஏறத்தாழ 1.86 மீட்டர், அதாவது மாதிரியில் 155 மி.மீ. பத்தொன்பது ஸ்டட்டுக்கு மேல் கொஞ்சம். நீ 19 எடுத்துக்கொண்டு, நடுக்கோட்டைப் பிடிக்க, அரை ஸ்டட் தள்ளிப் பொருத்த உதவும் தகடான ஜம்பர் பிளேட்டாக அடுக்கியிருக்கிறாய். அதைக் கலைத்துவிடு. உள்கூட்டை 18 ஸ்டட்டில், 144 மி.மீ.க்குக் கட்டு. இரு பக்கமும் பிராக்கெட் (எல் வடிவத் தகடு) வைத்து, அதன் மேல் ஸ்டட் இல்லாத வழவழப்பான தகடான டைலைப் பக்கவாட்டில் பதி. பிராக்கெட்டின் நிற்கும் தகடு 1.6, டைல் 3.2, ஆகப் பக்கத்துக்கு 4.8. மொத்தம் 153.6 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் குறைவதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அகலம் இரட்டைப்படையாக இருப்பதால் கூரையின் நடுத்தண்டும் 2 ஸ்டட் அகலத்தில் தானாக அமைந்துவிடும்.

பக்கச் சுவரில் இன்னொரு சிக்கல். மேல் வரிசை பிராக்கெட்டுக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே நீ 2 பிரிக் உயரம், அதாவது 6 பிளேட் வைத்திருக்கிறாய். அது 19.2 மி.மீ. படுத்த நிலையில் வரும் டைலுக்கு வேண்டியது 8-இன் மடங்கு. எனவே 5 பிளேட், 16 மி.மீ., சரியாக 2 ஸ்டட். ஒரு பிளேட் கூடினாலும் இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் பாகம் எதுவும் உட்காராது. அழுத்தி உட்கார வைத்தால் சுவர் வெளியே பிதுங்கும், சில நாளில் டைல் தெறிக்கும். சக்கர வளைவுகளுக்கு முன்னே 7 ஸ்டட், பின்னே 8 ஸ்டட் விட்டால் மீதி 29. நாலு ஸ்டட்டுக்கு ஒன்றாக இரு வரிசை, இரு பக்கம் என்று பார்த்தால் 32 பிராக்கெட் போதும்.

டயர்கள் இரண்டு அளவு என்பதால் அச்சுகளை ஒரே மட்டத்தில் வைக்காதே. ஆரங்களின் வித்தியாசம் 3.25 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு பிளேட். பின் அச்சை ஒரு பிளேட் உயர்த்தினால் வண்டி மட்டமாக நிற்கும். இல்லையென்றால் மூக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாயும். எண்ணில் அற்பம்தான். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் பிரேக் அடித்த வண்டி மாதிரி இருக்கும்.

இனி கதவு. சிறகு போல் மேலே திறக்கும் கதவை கிளிப்பும் பாருமாக (கவ்வியும் கம்பியும்) மாட்டியிருக்கிறாய். கணினித் திரையில் அது எவ்வளவு நேரமும் நிற்கும், ஏனென்றால் அங்கே எடை கிடையாது. கையில் எடுத்தால் மெல்ல இறங்கிவிடும். அசல் காரிலேயே கதவைத் தூக்கி நிறுத்த முறுக்குக் கம்பியும் வாயு ஸ்ட்ரட்டும் தேவைப்பட்டன. நீ கிளிக் கீல் போடு. 22.5 டிகிரிக்கு ஒரு பல் விழும், மூன்றாவது பல்லில் 67.5 டிகிரியில் கதவு நிற்கும். ஒரு கதவுக்கு இரண்டு கீல், இரண்டின் அச்சும் ஒரே கோட்டில். அரை ஸ்டட் விலகினாலும் இறுகும்.

கதவின் மேல்விளிம்பு திறக்கும்போது நடுத்தண்டில் இடிக்கும். கீலின் அச்சு கூரையின் மேற்பரப்புக்குக் கீழே இருப்பதுதான் காரணம். விளிம்பில் சதுர முனைக்குப் பதில் வளைந்த ஸ்லோப் (சரிவான பாகம்) போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு ஒரு பிளேட் கனம் இடைவெளி விடு, போதும்.

இந்த மாதிரியை அடிக்கடி உடைக்கும் விஷயம் இதைவிடப் பெரியது. கதவைப் பிடித்துத் தூக்கும் கை கூரையையும் சேர்த்து மேலே இழுக்கிறது. ஸ்டட் பிடிப்புக்கு எதிரி இந்த மேல்நோக்கிய இழுப்புதான். கதவோடு கூரைத்தண்டு முழுக்கக் கழன்று வரும். அதனால் தண்டுக்குள் ஒரு டெக்னிக் பிரிக்கை (பக்கத்தில் துளையுள்ள பிரிக்) நீளவாக்கில் ஓட்டு. அதை, இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் செங்குத்தாக நிற்கும் இரண்டு லிஃப்ட்டார்மோடு (துளைகள் உள்ள கோல்) இணைப்பு முள் போட்டுப் பூட்டு. முன்புறம் கண்ணாடிச் சட்டத்தை நம்பாதே, அது வெறும் அழகு. கண்ணாடிக்குத் தடித்த ஒளிபுகும் பிளேட்டுகளை அடுக்குவதைவிடச் சட்டத்தை மட்டும் கட்டித் திறந்தே விடலாம் என்பது என் கட்சி. ஒளிபுகும் பாகங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

லிஃப்ட்டார்ம் நிற்கும் அந்தச் சுவரில்தான், படத்தில் காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கருவியான ஃப்ளக்ஸ் கெபாசிட்டரும் வருகிறது. விளக்கு வைப்பதானால் சுவரை மூடுவதற்கு முன்பே ஒரு ஸ்டட் அகல வழி விட்டுவிடு. கம்பி ஸ்டட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தில் ஓட வேண்டும். ஸ்டட்டின் மேல் போனால் நசுங்கும், மேலிருக்கும் பிளேட்டும் உட்காராது. நேரப் பலகையில் வரிசை மாறிவிடக் கூடாது: மேலே சிவப்பு, நடுவே பச்சை, கீழே மஞ்சள்.

மூக்கைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவுமில்லை. பானெட் 12 ஸ்டட் நீளத்தில் 3 பிளேட் இறங்குகிறது. நீ அதைப் படிக்கட்டாக இறக்கியிருக்கிறாய். கண்ணாடியின் அடியில் கீல் பிளேட் வைத்து மொத்த பானெட்டையும் சாய்த்துவிடு. ஆறு டிகிரிக்கும் குறைவான சாய்வு. நீளம் அரை மில்லிமீட்டர்தான் கூடும், இடுக்கு தெரியாது. முன்முனை படியும் இடத்தில் ஸ்டட் இருக்கக் கூடாது, டைல் போடு.

அசலின் உடல் பெயின்ட் இல்லாத துருப்பிடிக்காத எஃகு. அதற்கு நெருக்கம் வெளிர் நீலச்சாம்பல் நிறம்தான். வெள்ளி நிறத்தில் எல்லா வடிவமும் கிடைப்பதில்லை. பழைய பெட்டியிலிருந்து சாம்பல் பாகம் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார். 2004 வாக்கில் சாம்பலின் சாயலே மாறியது, பழையது சற்று மஞ்சளடிக்கும். விளக்கொளியில் ஏமாந்துவிடுவாய்.

லெகோ 2022-இல் வெளியிட்ட 10300 பெட்டி, 1872 பாகம், மூன்று படங்களின் வண்டியையும் கட்ட வழி தருகிறது. நீ அந்த ஆசையை விட்டுவிடு. வண்டியின் பின்னால் வரும் மிஸ்டர் ஃப்யூஷன் என்ற மின்சக்திக் கருவியை (படத்தில் அது ஒரு காப்பி அரைக்கும் இயந்திரத்திலிருந்து செய்தது!) 2×2 அடியில் கழற்றி மாட்டும்படி வைக்கலாம், செலவில்லை. பறக்கும் வண்டிக்காகச் சக்கரங்களை மடக்க வைப்பது வேறு கதை. நான்கு அச்சும் கீலில் தொங்கும், மொத்த எடையும் அதில் விழும், வண்டி கால் அகட்டி நிற்கும்.

எந்தப் படத்து வண்டி என்று முடிவு செய்து எழுது. மூன்றாவது என்றால் வெள்ளை வளையம் போட்ட டயர் வேண்டும், பானெட்டின் மேல் சர்க்யூட் பெட்டியும் ஏறும். அதன் எடைக்கு அந்தக் கீல் போதாது, அடியில் ஒரு முட்டு கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சேகர்