திருகோணமலையில் இறங்கும் நாள்: கப்பலுக்கு வருகிறவர்கள் கவனத்திற்கு

மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்பும் நம் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னைத் துறைமுகத்தில் ஏறியதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் அலைவரிசையில் தானாக இணைந்தால் வரும் பில் கண்ணைக் கட்டும். பெரியம்மா, முறுக்கும் அதிரசமும் வேண்டாம். வீட்டுப் பலகாரங்களைக் கப்பலில் பெரும்பாலும் ஏற்றவிடுவதில்லை. (சாப்பாடு வேளை தவறாமல் வரும், கவலை வேண்டாம்.) தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி அறைகளே நல்லது, ஆட்டம் குறைவு.

கரையில் முதலில் கோணேசுவரம். நம் மதுரை ஆலவாயைப் பாடிய சம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே இத்தலத்தையும் பாடினார் என்கிறது பெரியபுராணம். நாமோ நேரிலேயே போகிறோம்! கோயிலுக்கு வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்தான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. உள்ளே புள்ளிமான்கள் திரியும். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள், இழுத்துக்கொண்டு வருவது சித்தப்பா பொறுப்பு. செங்குத்தான பாறையில் இருக்கும் ‘இராவணன் வெட்டு’ என்ற பிளவை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தால் போதும்.

நேரமிருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. மாற்றுத்துணி அவசியம்.

இலங்கையிலும் நம் நேரம்தான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறைமுகம் திரும்புவோம். சேலைக்கடையில் நிற்பவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

பாஸ்போர்ட் நகலை ஞாயிறு மாலைக்குள் அத்தையிடம் நேரில் கொடுங்கள். குழுவில் போடாதீர்கள்.