விடிலிப் புகையும் விஸ்கிப் புகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் விஸ்கியின் சுவை குறித்து வெளிவந்த கட்டுரையை நான் இருமுறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடும் இரண்டாம் முறை எரிச்சலோடும் படித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விஸ்கியில் தண்ணீரோ சோடாவோ கலப்பவருடைய நாக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்றும், புகைமணம் ஏறிய ஸ்காட்லாந்து மால்ட்டை (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கியை) ஒருவர் விரும்பத் தொடங்குவதே தேர்ந்த ரசனைக்கு அடையாளம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் நான். அந்தப் புகைமணத்தை அது பிறக்கும் நாட்டிலேயே முதலில் வெறுத்துப் பின்பு பழகிக்கொண்டவன். மருத்துவர் தடுத்துவிட்டதால் ஆறு ஆண்டுகளாக எதையும் குடிப்பதில்லை. எனவே குடிக்கு வக்காலத்து வாங்கும் தேவையும் எனக்கு இல்லை.

1979ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தில் மூன்று வாரம் நின்றது. எங்கள் தலைமைப் பொறியாளர் ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்காரர். ஒரு நாள் இரவு வேலை முடிந்ததும் தம் அறைக்கு அழைத்து, தம் ஊர்ச் சரக்கான லாஃப்ராய்க் விஸ்கியைச் சிறிய கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்த மாத்திரத்தில் எனக்கு நினைவு வந்தது, சிறுவயதில் முழங்கால் சிராய்ப்பில் பஞ்சை நனைத்து ஒற்றுவார்களே, அந்த டிஞ்சர் வாடைதான். மரியாதைக்காக விழுங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே காரணத்தை விளக்கினார். மரம் அருகிய அந்தத் தீவில், சதுப்பு நிலத்தில் பாசியும் புதர்ச்செடியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கி இறுகிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி உலர்த்தி விறகாக எரிப்பது வழக்கம். பீட் என்று அதற்குப் பெயர். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது தானியத்தில் படிகின்ற மணம், ஊறல், வடிப்பு, ஓக் மரப் பீப்பாயில் பல ஆண்டு இருப்பு ஆகிய அனைத்தையும் தாண்டிக் குவளை வரைக்கும் வந்து சேர்கிறது.

அந்த மூன்று வாரத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு வைகாசியில் விடுப்பில் ஊருக்கு வந்தபோது, உடன்குடிக்கு அருகில் இருந்த பெரியம்மை வீட்டுக்குப் போயிருந்தேன். (1986இல் மாவட்டம் பிரிந்ததால் உடன்குடி இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது, எங்கள் பேச்சில் அது இன்றும் திருநெல்வேலிச் சீமைதான்.) தேரிமண்ணில் பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த விடிலி என்னும் காய்ச்சுக் குடிசை ஒன்றில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஓலையும் பன்னாடையும் உடைமுள்ளும் எரிந்த புகை கூரைக்குள்ளேயே சுழன்று, பாகு பதம் வந்து சிரட்டைகளில் ஊற்றும் நேரத்தில் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிட்டிருந்தது. அந்தச் சட்டையைத் துவைக்காமலே பெட்டியில் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனேன். மாதங்கள் கழித்து, அதே தலைமைப் பொறியாளர் அதே விஸ்கியை நீட்டியபோது எனக்கு டிஞ்சர் தெரியவில்லை, விடிலி தெரிந்தது. அன்றிலிருந்து அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

இதை வெறும் மனமயக்கம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மரமானாலும் ஓலையானாலும் பீட் ஆனாலும், செடிகொடிகளுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் எரியும்போது குவையகால் முதலிய புகைமணச் சேர்மங்கள் பிறக்கின்றன. ஐலாவின் புகைக்கும் உடன்குடியின் புகைக்கும் அந்த அளவில் உறவு உண்மையிலேயே உண்டு. ஆனால் அந்த உறவை எனக்குக் காட்டிக்கொடுத்தது பெரியம்மை வீட்டு வாசல்தானே தவிர, என் நாக்கின் தேர்ச்சி இல்லை. பனங்காட்டைக் காணாத ஒருவர் அதே விஸ்கியைக் கடைசி வரை டிஞ்சர் என்றே சொன்னால், அவர் என்னைவிட எந்த விதத்தில் குறைந்தவர் ஆகிவிடுவார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே கப்பலில் நான் ஒருநாள் சாளைக் கருவாட்டை வறுத்ததற்காக, இந்தத் தலைமைப் பொறியாளர் சமையற்கட்டின் கதவைச் சாத்தச் சொல்லிக் கூச்சலிட்டார். டிஞ்சர் மணக்கும் சாராயத்தைக் கண்மூடி ரசிக்கின்ற மனிதருக்குக் கருவாட்டு வாடை தாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து, ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரும் அவரேதான்.

இனித் தண்ணீர் கலக்கும் செய்திக்கு வருகிறேன். இதில் கட்டுரையாளரின் கண்டிப்புக்கு ஆதாரமே இல்லை. ஸ்காட்லாந்தில் பல பீப்பாய்களின் விஸ்கியை முகர்ந்து கலவையை முடிவு செய்கிற தொழில் வல்லுநர்களே அதைத் தண்ணீர் விட்டு ஏறத்தாழ 20 விழுக்காட்டு ஆல்கஹால் செறிவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினியில் செய்த ஆய்வு, ஆல்கஹால் செறிவு 45 விழுக்காடும் அதற்குக் கீழுமாக இருக்கும்போது மேலே சொன்ன குவையகால் திரவத்தின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது என்றும், செறிவு மிகும்போது உள்ளே அமுங்கிவிடுகிறது என்றும் காட்டியது. அதாவது தண்ணீர் மணத்தைக் கொல்வதற்குப் பதிலாக மூக்குக்கு அருகில் கொண்டுவரக்கூடும். பனிக்கட்டி போட்டால் மணம் மங்கும் என்று அவர் சொன்னது மட்டும் சரி.

விஸ்கி தொண்டையில் எரிவதற்கும் மிளகாய் நாக்கில் எரிவதற்கும் உடலில் வாசல் ஒன்றே. சூட்டை உணர்கின்ற டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியை மிளகாயின் காரம் திறந்துவிடுகிறது. ஆல்கஹாலோ அது வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே திறக்கும்படி செய்துவிடுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயை நம் முன்னோர் பழகிக்கொண்டதும், நாம் ஒவ்வொருவரும் குழந்தைப் பருவத்தில் மீண்டும் ஒருமுறை பழகிக்கொள்வதும் இந்த எரிச்சலைத்தான். குழம்பில் கிடந்த காயைத் தண்ணீரில் அலசிப் பிள்ளைக்கு ஊட்டுகிற தாயைப் பார்த்து, குழம்பின் சுவையைக் கெடுத்துவிட்டாள் என்று எவரும் பழிப்பதில்லை. விஸ்கியில் சோடா ஊற்றுகிறவரும் தம் அளவுக்கு அலசிக்கொள்கிறார், அவ்வளவுதான். பிறவி வேறுபாடும் இருக்கிறது: பி.டி.சி. என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையே அற்றதாகவும் இருப்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931இலேயே கண்டு சொன்னார். ஒரே பாகற்காய்ப் பொரியலை இருவர் உண்டாலும் இருவர் வாயிலும் கசப்பு ஓர் அளவாக இருக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. நம் மாநிலத்தில் டாஸ்மாக் கடையில் நின்று வாங்குகிற சாதாரண மனிதர் எதை விஸ்கி என்று குடிக்கிறார்? ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, தானியத்திலிருந்து வடித்து, மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்த சாராயத்துக்கே விஸ்கி என்ற பெயர் பொருந்தும். நம் நாட்டில் அந்தப் பெயரில் விற்கும் மலிவுச் சரக்கின் பெரும்பகுதிக்கு அடிப்படை, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே. நிறமும் மணமும் பின்னால் சேர்பவை. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகப்படுத்தியது போன்ற உண்மையான மால்ட்டும் இந்தியாவில் உருவாகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நாள்கூலிக்காரர் அந்தப் புட்டிக்கு எங்கே போவார்? கிடைக்காத ஒன்றைப் பழகவில்லை என்று ஒருவரைக் குறைசொல்வது நியாயமாகாது.

எங்கள் சீமையில் கிடைத்துக்கொண்டிருந்த சுவைகளும் கைநழுவிப் போகின்றன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். 1987 முதல் இம்மாநிலத்தில் கள்ளுக்குத் தடை இருப்பதால், அதன் புளிப்பும் நுரைப்பும் எப்படியிருக்கும் என்று இம்மாநிலத்திலேயே சட்டத்தை மீறாமல் அறிந்த உள்ளூர் இளைஞர் எவரும் இன்று இருக்க முடியாது. தடை சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. தடையே இல்லாத கருப்பட்டிக்கு நேர்ந்திருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் சீனி கலந்து காய்ச்சிய சரக்கு சந்தையில் தாராளமாக விலைபோகிறது. நல்ல கருப்பட்டியின் இனிப்புக்குப் பின்னால் இலேசான உப்புக்கரிப்பும் புகையும் உண்டு. சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த என் பேரனுக்கு, தெரிந்த விடிலியில் வாங்கிய கருப்பட்டியைப் போட்டுக் காபி கொடுத்தபோது, “தாத்தா, இதில் உப்பு விழுந்துவிட்டது” என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டான். அவனுக்கு ரசனை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அவனுக்குப் பழகியது சீனிக் கருப்பட்டி. எனக்கும் அந்த வயதில் ஐலாவின் மால்ட்டைக் கொடுத்திருந்தால் துப்பியிருப்பேன். மறுநாள் அதே காபியில் பாலைக் கூட்டிக் கருப்பட்டியைக் குறைத்துக் கொடுத்தேன், முழுவதும் குடித்தான். அலசிக் கொடுப்பதில் எனக்கு வெட்கமில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி விரைவில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை எழுதி முடிக்குமுன், பதநீர்ப் பருவம் கழிவதற்குள் கட்டுரையாளர் ஒருமுறை உடன்குடிப் பக்கம் வந்துபோனால் நான் உடன்வரத் தயாராக இருக்கிறேன். ஓலைப் பட்டையில் பதநீர் வேண்டுமானால் வெயில் ஏறுமுன் வந்துவிட வேண்டும். குவளை எதுவும் கொண்டுவரத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.