முதலில் பிரேக்

பிறை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் நின்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் தாளில் எழுதுகிறேன், தம்பி படம் எடுத்து அனுப்புவான்.

தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி, உன் சுபாரு காரில் போட ஒரு சாமான் பட்டியல். "அப்பா, இதில் எதை முதலில் போடலாம்?" என்று கீழே ஒரு வரி. பசியாறினீர்களா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். கோலாலம்பூரில் அத்தனை பட்டறை இருக்க, பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற அப்பனிடம் கேட்டாய். அன்று மாலை ஒட்டுக்கடையில் அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். பெரிய டர்போ, டர்போ காற்றைக் குளிரவைக்க முன்பக்க இன்டர்கூலர், டர்போவின் புகை வெளியேற டவுன்பைப், காற்று வடிகட்டிப் பெட்டி, புளோ-ஆஃப் வால்வு, பின் இருக்கையை எடுத்துவிட்டுக் கம்பிக் கூண்டு. பிரேக் என்ற சொல்லையே காணோம். டயர் இல்லை, ஆயில் இல்லை. ஸ்பேனர் எண்ணை நான் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துக் கையில் வைக்கும் பிள்ளை எழுதிய பட்டியலா இது?

தம்பி அவன் போனில் ஒரு படம் காட்டினான். கெந்திங் மலையில், கோத்தோங் ஜெயாவில் உன் கார் நிற்கிறது, சுற்றிலும் பனிமூட்டம். படம் போட்ட நேரம் இரவு இரண்டேகால். உன்னோடு யாராவது வந்திருந்தார்களா என்று அவனிடம் கேட்டேன். தெரியாது என்றான். உன்னிடம் நான் அதைக் கேட்கவில்லை.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். உன் எஸ்டிஐக்குக் கம்பெனியே பிரெம்போ பிரேக் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிதாகப் போடுவது இப்போதைக்கு வெட்டிச் செலவு. பேட், டிஸ்க், ஆயில் ஆகிய மூன்றை மட்டும் பார். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். கெந்திங்கிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு அதற்கு மேல் போகும். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி உண்டாகும். ஆவி அழுங்கிவிடும், ஆயில்தான் அழுங்காது. பெடல் பலகை வரைக்கும் போகும், கார் நிற்காது. பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று உனக்குத் தெரியாது, அதனால் இந்த வாரமே மாற்றிவிடு. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினைக்கொண்டு வேகத்தை அடக்கு. ஆறு கியர் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காரிலிருந்து, அந்த ஹாஃப் கட்டிலிருந்து, மிட்சுபிஷி எவோ 3 எஞ்சினைக் கழற்றிப் புரோட்டோன் வீராவில் இறக்கிய காலம் உனக்கு நினைவிருக்கும். வந்த பையன்கள் அத்தனை பேரும் எஞ்சினைப் பற்றிக் கேட்டார்கள், பிரேக்கைப் பற்றிக் கேட்டவன் ஒருவனும் இல்லை. நீல வீராக்காரனை நீயே பார்த்திருக்கிறாய். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

அடுத்து டயர். நான்கும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே தேய்மானம். முன்சக்கர ஓட்டக் காரில் இரண்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றிவிடலாம், நான்கு சக்கரமும் ஓடும் உன் காரில் அது கூடாது. சக்கரச் சுற்றளவு வேறுபட்டால் நேர்ச்சாலையில் போகும்போதும் முன்பின் சக்கரங்களுக்கு இழுப்பைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் இழுபடும். மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் கார் புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இப்போது எஞ்சின். உன் வண்டியில் இருப்பது இஜே257. இரண்டரை லிட்டர், சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர். 300 குதிரைத்திறன் கம்பெனியிலிருந்தே வருகிறது. நல்ல எஞ்சின்தான், ஆனால் அதற்கு ஒரு நோஞ்சான் இடம் உண்டு. பிஸ்டன்கள் வார்ப்பில் செய்தவை. எரிபொருள் தானாக நேரம் தப்பி வெடித்தால், அதைத்தான் 'நாக்' என்கிறோம், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். பெரும்பாலும் நான்காம் சிலிண்டரில்தான் அது நடக்கும். பலமாக அடித்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போலக் கேட்கும். சைலன்சரையும் பெரிதாக்கிவிட்டுப் பாட்டையும் அலறவிட்டால் அது எங்கே காதில் விழப்போகிறது?

ஆகவே ஒரு சாமானும் வாங்குவதற்கு முன்னால் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய். கூடவே காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனையும். நான்கு சிலிண்டரின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்குச் சொல். ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்ட வண்டி, டைமிங் பெல்ட் மாற்றியதற்குச் சீட்டு இருக்கிறதா என்று பார். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் எஞ்சின் இது. இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும் என்பதும் ஊரறிந்தது. விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதே. ஒவ்வொரு வாரமும் குச்சியை இழுத்துப் பார். ஆயில் குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் போகாது.

எண்கள் நன்றாக இருந்தால் அடுத்த வேலை டியூன். நல்ல டியூனரிடம், நான்கு சக்கரமும் உருளையில் ஓடித் திறனை அளக்கும் டைனோவில். கம்பெனி டர்போவை வைத்துக்கொண்டே எஞ்சின் கணினியைச் சரியாகத் திருத்தினால் நடுவேகத்தில் இழுப்பு நன்றாகக் கூடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு உனக்கு உதவக்கூடியது அந்த இழுப்புதான். பெரிய டர்போ சுழன்று எழும்புவதற்கு நேரம் எடுக்கும். அது எழும்புவதற்குள் அடுத்த சமிக்ஞை விளக்கு வந்துவிடும். அதோடு பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு இழுக்கும். பெரிய டர்போ வேண்டாம்.

டவுன்பைப் போடுவதென்றால் டியூன் செய்யும் நாளில் போடு, அதற்கு முன்னால் போட்டுவிட்டு ஓட்டாதே. புகைவழி இலகுவானால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், பழைய அளவைத் தாண்டிப் போகும், கணினியில் இருக்கும் பழைய கணக்குக்கு அது தெரியாது. காற்றுப் பெட்டிக்கும் இதே பேச்சுதான். காற்றை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் அகலம் கூடினால் கணினி காற்றைக் குறைத்து எண்ணும், பெட்ரோலைக் குறைத்து ஊற்றும், நான்காம் சிலிண்டர் உடையும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறேன்.

முன்பக்க இன்டர்கூலரை இந்த அளவுத் திறனுக்கு நான் போடமாட்டேன். எஞ்சின் மேலே இருக்கும் உன் இன்டர்கூலர் நெரிசலில் சூடாகிவிடும் என்பது உண்மை, பானட் துளையில் காற்று போனால்தானே குளிரும். ஆனால் முன்னால் வைத்தால் குழாய் நீளமாகும், ரேடியேட்டருக்குப் போகும் காற்று மறையும். நெரிசலிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்ச தூரம் மிதிக்காமல் ஓட்டினால் போதும். காசு செலவில்லாத மருந்து. புளோ-ஆஃப் வால்வு வெறும் சத்தம். அளந்து உள்ளே எடுத்த காற்றை வெளியே துப்புகிறது, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பெட்ரோல் கூடிப்போகிறது. அதற்கும் 'உஷ்' என்று சொல்ல ஆசை என்றால் நீயே வாயால் சொல்லிக்கொள்.

ரோன் 100 பெட்ரோலுக்கு டியூன் செய்தால் கூடுதல் திறன் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கிடைக்கும். ஆனால் எல்லா நிலையத்திலும் 100 கிடைக்காது. 100ஐ நம்பிச் செய்த டியூனில் 97ஐ ஊற்றி மிதித்தால் மறுபடியும் அந்த நாக்தான். 97க்கே செய்யச் சொல். தாப்பாவில் நின்றாலும் சுங்கை பேராக்கில் நின்றாலும் 97 கிடைக்கும். இங்கே பிறையிலும், நம் வீட்டுக்குத் திரும்பும் முனையில் இருக்கும் நிலையத்திலேயே கிடைக்கும்.

2002இல் கரம்ஜித் சிங் உலக ரேலியில் தயாரிப்புக் கார் பிரிவின் வெற்றியாளரானபோது, நாளிதழில் வந்த படத்தை நீ வெட்டிப் பட்டறைச் சுவரில் கிரீஸ் கையோடு ஒட்டினாய். பெயர் புரோட்டோன், உள்ளே லான்சர் எவோ. அந்தப் பிரிவில் டர்போவுக்குள் போகும் காற்றையே வளையம் போட்டுக் குறைத்துத்தான் ஓட வேண்டும் என்பது விதி. எல்லாருக்கும் மூச்சைக் கட்டிவிட்ட பிறகு அவர் வென்றார். ஓட்டிப் பழக ஆசையாக இருந்தால் செப்பாங்குக்குப் போ. ஐந்தரைக் கிலோமீட்டர் பந்தயத் தளம், எதிரே லாரி வராது, ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும். அதற்குக் கட்டணம் நான் தருகிறேன். கெந்திங்குக்கு இரவில் போகாதே.

பின் இருக்கைக்கு வருகிறேன். கம்பிக் கூண்டு தலைக்கவசம் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு. கவசம் இல்லாத தலை அந்தக் கம்பியில் மோதினால் கூண்டே ஆளைக் கொன்றுவிடும். சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இல்லாமல் இருக்கையை எடுத்தால் அந்தத் தொல்லை வேறு. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் எதை மாற்றினாலும், நாளைக்கு ஒன்று ஆனால் அவர்கள் கையை விரித்துவிடலாம். இருக்கை இருக்கட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும்போது அம்மா எங்கே உட்காருவாள்? பெரியம்மா எங்கே உட்காருவாள்? பிற்காலத்தில் யார் யார் உட்கார வேண்டியிருக்குமோ. அதை விடு, பேச்சுக்குச் சொன்னேன்.

காப்பீடு என்றதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளில் ஓட்டுநர் பெயர் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உன் பெயர் மட்டும்தானே இருக்கிறது? புதுப்பிக்கும்போது பார்த்து, தேவையில்லாத பெயர் இருந்தால் எடுத்துவிடு. கடன் தாளிலும் பார். காரணம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்துக்காரர் முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். மீதிப் பாதியை நான் கேட்கவில்லை, நீயும் அதைக் கணக்கில் வைக்காதே. சுங்கைப் பட்டாணி அத்தைதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். பேசட்டும். அவளுடைய மைவி காரை எத்தனை வருடம் காசு வாங்காமல் பார்த்தேன், அதை ஒருநாளும் அவள் பேசியதில்லை. வந்த பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பேட், ஆயில், நான்கு டயர், பெல்ட் எல்லாவற்றுக்கும் ஆகும். டர்போவுக்கு ஒரு வெள்ளிகூடத் தரமாட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். நீ எடுத்த முடிவுக்காக இல்லை. தீபாவளி அன்று அம்மா ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு மாலை வரை மூடியே வைத்திருந்தாளே, அதற்காகத்தான். ஊர் கேட்கும் என்று நீ வரவில்லை. கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், இனிக் கேட்கமாட்டார்கள்.

நெத்திலிச் சம்பலும் எலுமிச்சை ஊறுகாயும் பஸ்ஸில் வருகிறது. தெர்மினல் பெர்செபாடு செலாத்தானில் போய் எடுத்துக்கொள், நேரத்தைத் தம்பி சொல்வான். அந்தப் பெட்டிக்கு அடியில் என்னுடைய கம்ப்ரஷன் கருவியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பாக்ஸரில் பிளக் கழற்றுவது சிரமம், சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழையாது. உன் கை சிறியது, நுழையும். எஞ்சின் ஆறியபிறகு கழற்று. பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துச் சுழற்று. பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும்.

நான்கு எண்களையும் எழுதி அனுப்பு, நான்காம் சிலிண்டரைத் தனியாகக் குறித்துவிடு. புதன் காலை நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான் இருப்பேன். போனில் சொன்னாலும் சரி, அம்மா எடுத்தால் அவளிடமே எண்களைச் சொல், எழுதிக்கொள்வாள்.

அப்பா