உங்கள் ஜீப்பின் தாய்வீட்டிலிருந்து

டொலீடோ, ஒஹாயோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் அம்மா "சாப்டியாலே" என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. மௌமீ ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. வேலை பரவாயில்லை, சோறு நானே வடித்துக்கொள்கிறேன், நம்ம ஊர் அப்பளம் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது.

சொல்ல வந்தது வேறு விஷயம். உங்கள் ஜீப்புக்குத் தாய்வீடு இந்த ஊர்தான் அப்பா. நீங்கள் ஓட்டியது மஹிந்திராதான், ஆனால் அதன் மூல வண்டியைச் செய்த வில்லிஸ் ஓவர்லேண்ட் கம்பெனி இருந்தது இங்கேதான். அந்தப் பழைய தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அதில் 'ஓவர்லேண்ட்' என்று மேலிருந்து கீழாகச் செங்கல்லிலேயே எழுத்து. முதல் தடவை பார்த்த அன்றைக்குக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தக் குளிரில் ரொம்ப நேரம் நின்றேன்.

ஆனால் முதல் ஜீப்பைச் செய்தது வில்லிஸ் இல்லை. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்கிற சின்னக் கம்பெனி. மாதிரி வண்டி செய்ய அமெரிக்க ராணுவம் 49 நாள் கெடு வைத்தது, 1940 செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் இத்தனை ஆயிரம் வண்டி உங்களால் முடியாது என்று பெரிய ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கோடைக்காலத்தில் சனிக்கிழமையானால் இங்கே வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள், பழைய வண்டி சாமான்களுக்கென்றே தனிச் சந்தையும் கூடும். போன வருஷம் ஒரு வீட்டில் ஜீப்போடு கொடுக்கும் கையேடு ஒன்று பத்து டாலருக்குக் கிடைத்தது. பக்கமெல்லாம் யாரோ ஒருவருடைய கிரீஸ் விரல் ரேகை. நீங்கள் வேலை செய்துவிட்டு அப்படியே பேப்பரைப் புரட்டி அம்மாவிடம் திட்டு வாங்குவீர்களே, அதே ரேகை மாதிரி இருந்தது. அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது என் அறையில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. போர்க்காலப் பத்திரிகைகளில் வில்லிஸ் கொடுத்த கலர் விளம்பரங்கள், பெட்ரோல் கேன் ஒன்று, டேஷ்போர்டில் அடிக்கிற தகடு இரண்டு, யார் வீட்டு ஆல்பத்திலிருந்தோ வந்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

அதில் ஒரு போல்ட்டும் இருக்கிறது. வெறும் போல்ட்தான், ஆனால் தலையில் 'எஃப்' என்ற எழுத்து. ஃபோர்டு தான் செய்த ஜீப்பில் சின்னச் சின்ன பாகத்தில்கூட அந்த எழுத்தைப் போட்டுவிடுவார்கள். வண்டியின் முன்னால் இருக்கிற முகப்புக் கம்பியிலும் ஃபோர்டின் கை இருக்கிறது, வில்லிஸ் முதலில் இரும்புப் பட்டைகளை வெல்டிங் வைத்துத்தான் முகப்பு செய்தது, ஒரே தகட்டில் ஒன்பது துளை அடித்தால் போதும் என்று கண்டுபிடித்தது ஃபோர்டு. போர் முடிந்து 1945-ல் சாதாரண ஜனங்களுக்கென்று வண்டி விட்டபோது துளை ஏழானது. உங்கள் வண்டிக்கும் ஏழுதான், எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எதிர்வீட்டுப் பெரியவர் அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலை போகிற வழியில், ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு நீங்கள் நிற்கிற படத்தைப் போனில் காட்டினேன். பார்த்ததும், "சிஜே-3பி" என்று மாடல் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். பானெட் உயரமாக இருப்பதை வைத்துச் சொன்னாராம். கொண்டை ஊசி வளைவில் முன்னாடி ரோடே தெரியவில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்களே, அதற்குக் காரணமும் சொன்னார். ஹரிக்கேன் என்று புது இன்ஜின் வைத்தபோது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற இன்டேக் வால்வு மேலே போய்விட்டது, இன்ஜின் உயர்ந்தது, அதை மூடுவதற்கு பானெட்டையும் உயர்த்திவிட்டார்கள். இங்கே அந்த வண்டியை 1968-லேயே நிறுத்திவிட்டார்கள், இந்தியாவில் அதற்கப்புறமும் பல வருஷம் செய்தார்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதையும், பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருப்பதையும் சொன்னேன். இங்கே எல்லா வண்டியும் அப்படித்தான் என்பதால் அதை எதற்கு எழுத வேண்டும் என்று அவருக்கு முதலில் விளங்கவே இல்லை.

அப்பா, புறவாசல் சாய்ப்பில் இருக்கிற ஸ்டார்ட்டிங் ஹேண்டில், ஜாக்கி, பழைய கேன் எதையும் இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். வண்டியை விற்றபோது கழற்றி வைத்த தகடும் அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தாலும் தேய்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். சந்தையில் பளபளவென்று புதுசாகச் செய்த போலித் தகடுகள் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கின்றன, அதைத் தொடவே எனக்கு மனசு வராது. துணியில் சுற்றி பரணில் ஏற்றிவிட்டால் போதும், நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்தைத் தம்பியிடம் கொடுத்து ஸ்டூடியோவில் ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள், ஓரத்தை வெட்டக் கூடாது. பெரியவர் இது எந்த இடம் என்று கேட்டார், மாஞ்சோலை போகிற மலை வழி என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. இங்கே வாங்கிய படங்களில் பாதிக்குமேல் பின்பக்கம் வெறுமையாக இருக்கின்றன, நிற்பது யார், எந்த ஊர் என்று கேட்க ஆளில்லை. மாஞ்சோலையிலும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலும் இறங்கி வந்துவிட்டார்கள். அதனால் எந்த வளைவு, அன்றைக்கு வண்டியில் வந்தவர்கள் யார் யார், மேலே நாலுமுக்கு வரைக்கும் போனீர்களா என்று படத்தின் பின்னால் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள் அப்பா, பேனா என்றால் மை முன்பக்கம் ஊறிவிடும்.

இப்படிக்கு
உங்கள் மூத்த மகன்