மனவுறுதி வலிப்பைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு வருடமாகத் தினமும் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையைப் போட்டுத் தூங்கும் வாசகிக்குச் சென்ற ஞாயிறு இணைப்பில் நீங்கள் தந்த பதில்: "இன்றே தூக்கி எறியுங்கள். மனவுறுதி இருந்தால் போதும்." எறிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் அவருக்கு ஃபிட்ஸ் வந்தால் மனவுறுதியா வந்து பிடித்துக்கொள்ளும்?

நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் மூளையிலேயே சுரக்கிறது. மாத்திரை அதற்குப் பக்கபலம். பக்கபலம் மாதக்கணக்கில் நீடித்தால் காபா வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஏற்பிகள் மந்தமாகும், துடிப்பை முடுக்கும் குளூட்டமேட்டின் கை ஓங்கும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது, மலைப்பாதையில் இறங்கும் பேருந்தில் பிரேக்கைக் கழற்றுவதுதான். கைநடுக்கம், படபடப்பு, கண் மூடாத இரவுகள், சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும் என்பதால் சரிவும் செங்குத்து. அதனால்தான் பல மருத்துவர்கள் முதலில் உடலிலிருந்து மெதுவாக வெளியேறும் அதே வகை மாத்திரையான டயஸிபாமுக்கு மாற்றி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதுள்ள அளவில் 5 முதல் 10 சதவீதம் மட்டும் குறைக்கிறார்கள். நான்கு வருடப் பழக்கத்துக்கு இது பல மாத வேலை. கடைசிக் கால் மாத்திரையில்தான் பலருக்கும் மல்லுக்கட்டு. இதெல்லாம் தங்கள் மருத்துவப் பகுதிக்குத் தெரியாததா!

இதே பதிலுக்குக் கீழே தலைவலி மாத்திரை விளம்பரம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பல மருந்துகள் சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். விளம்பரத்தில் அதற்கு இடமிருக்காது, புரிகிறது.

போதைக்காக விற்கப்படும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை பிடிபட்ட செய்திகளை எப்படிப் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையின் படம், விற்ற விலை, எதில் கரைத்து ஊசியில் எப்படி ஏற்றுகிறார்கள் என்பதுவரை சமையல் குறிப்பு போல வருகிறது. மாத்திரையில் சேர்த்த டால்க்கும் மாவும் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும் என்ற ஒரு வரிதான் வருவதில்லை. "மீட்பு மையத்திலிருந்து திரும்பிய வாலிபர் மர்ம மரணம்" என்றும் தலைப்பு வைக்கிறீர்கள். மர்மம் ஒன்றுமில்லை. டேபென்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) மாத்திரை மூளைத்தண்டில் சுவாசத்தை ஓட்டும் இடத்தை அமுக்குகிறது. தினமும் எடுப்பவருக்கு மூளை ஓரளவு பழகியிருக்கும். சில வாரம் விட்டிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், ஆசை மட்டும் போகாது. திரும்பிவந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். கூடவே தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அமெரிக்காவில் இந்த இரு வகை மருந்துகளின் தகவல் தாளிலும் 2016 முதல் கட்டம் கட்டி எச்சரிக்கை போடுகிறார்கள். உங்கள் பக்கத்தில் கட்டம் கட்டுவது தங்க விலைக்குத்தான்.

நான் கேட்பது நான்கு வரி. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில்: "தூக்க மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரையோ மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகிப் படிப்படியாகக் குறைக்கவும். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446." அந்த வாசகிக்கு முடிந்தால் அதற்கு முன்பே ஒரு தபால் அட்டையாவது போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என் ராசியாகவே இருக்கட்டும், கன்னி.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருநெல்வேலி